ஒரு காலணியும் இரண்டு பட்டியல்களும்

கல்யாண வீட்டில் சமையற்காரர் சாமான் பட்டியல் சொல்லும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் அவர் அமர்ந்து, முந்நூறு இலைக்கு அரிசி இவ்வளவு, துவரம் பருப்பு இவ்வளவு, வெல்லம் இவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டு போவார். வீட்டார் ஒருவர் எழுதிக்கொள்வார். பட்டியல் மளிகைக் கடைக்குப் போய்விடும். இரண்டு நாள் கழித்து, பெண்ணின் அத்தை வந்து, "சேமியாப் பாயசம் வேண்டாம், பருப்புப் பாயசம் வைத்துவிடுங்கள்" என்பார். சமையற்காரரும் தலையை ஆட்டிவிடுவார். ஆனால் கடைக்குப் போன பட்டியலில் சேமியாதான் இருக்கும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் பாசிப்பருப்பைத் தேடி ஒருவர் சைக்கிளில் ஓடுவார். சேமியா மூட்டை அப்படியே கிடக்கும்.

மாணவ நண்பர்களே, நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏறக்குறைய இந்தச் சேமியா மூட்டையின் கதைதான். கல்யாணம் ஒருநாள் காரியம். நட்டத்தைச் சிரித்து மறந்துவிடலாம். இருபதாயிரம் ஜோடி காலணி செய்து கப்பலேற்ற வேண்டிய தொழிற்சாலையில் அவ்வாறு மறக்க இயலாது.

வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அடங்கிய பாலாற்றுப் பள்ளத்தாக்கு தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2019 வரை இவையனைத்தும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தன. இன்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. முற்காலத்தில் இவ்வூர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பாதி பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்தார்கள். அந்தத் தோலைக் காலணியாக்கிப் பெரும்பொருள் ஈட்டியவர்கள் அந்நாட்டார். 1972-ல் சீதாராமய்யா குழு இந்நிலையை ஆராய்ந்தது. அதன்பின் 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலையும், காலணியின் மேற்பகுதியையும், பின்னர் முழுக் காலணியையும் இங்கேயே செய்யும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. இன்று ஆம்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் "ஷூ கம்பெனி வேலை" என்றால் விளக்கம் தேவையில்லை. காலையில் கம்பெனிப் பேருந்துகளில் ஏறிச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள்.

பாதி பதனிட்ட தோலை விற்றவருக்குப் பட்டியல் சிறியது. பச்சைத்தோல், உப்பு, சுண்ணாம்பு, பட்டை, எண்ணெய் என்று ஒரு தாளில் முடிந்துவிடும். காலணி அப்படியன்று. ஆண்கள் அணியும் சாதாரணக் கயிறு கட்டும் காலணி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வாம்ப் எனப்படும் முன்பகுதி, குவார்ட்டர் எனப்படும் பக்கத் துண்டுகள், நாக்கு, உள்ளே லைனிங், முனைக்கும் குதிகாலுக்கும் விறைப்புத் தரும் துண்டுகள், இன்சோல், அதன் அடியில் எஃகுப் பட்டை, சோல், குதி, கயிற்றுத் துளைகளுக்கு வளையங்கள், கயிறு, இரண்டு மூன்று வகை நூல், இரண்டு மூன்று வகைப் பசை, முத்திரை, மெல்லிய தாள், அட்டைப் பெட்டி என்று வளர்ந்துகொண்டே போகும். நாற்பது ஐம்பது வகைப் பொருள்கள் வருவது சர்வசாதாரணம். ஒரு ஜோடிக்கு எந்தப் பொருள், எவ்வளவு, எந்தப் பிரிவில் வேண்டும் என்று வரிசையாக எழுதிய குறிப்பையே தொழிலில் "பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்" என்றும், சுருக்கமாகப் "பி.ஓ.எம்." என்றும் வழங்குகிறார்கள். நான் பொருட்பட்டியல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பட்டியல் பிறக்குமிடம் வடிவமைப்பாளரின் அறை. லாஸ்ட் எனப்படும் கால்வடிவக் கட்டையின் மேல் கோடு வரைந்து, அதைத் தட்டையான துண்டுகளாகப் பிரிப்பது அவர் கலை. முன்பு அட்டையும் கத்தியும் கொண்டு செய்த வேலையை இப்போது பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் செய்கிறார்கள். துண்டை வரைந்த மாத்திரத்தில் அதன் பரப்பளவையும் தையலின் நீளத்தையும் மென்பொருள் சொல்லிவிடும். மற்றொரு பக்கம் தொழிற்சாலையின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. கையிருப்பு, விலை, கொள்முதல், எந்த வாரம் எந்த ஆர்டர் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். காலணியின் உருவம் மட்டும் தெரியாது. வடிவமைப்பு மென்பொருளுக்கு உருவம் தெரியும். கிடங்கில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆகவே பொருட்பட்டியல் இரண்டிடத்திலும் தனித்தனியே வாழ்கிறது. முதற்பட்டியலைப் பார்த்து இரண்டாவதை ஒருவர் விரல் வலிக்கத் தட்டச்சு செய்கிறார். தட்டச்சு செய்த நாளன்று இரண்டும் ஒன்றுதான். மறுநாள்தான் வம்பு தொடங்குகிறது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையிலிருந்த ஒரு தொழிற்சாலையில் நான் சில காலம் பொருள் திட்டமிடும் வேலை பார்த்தேன். ஒரு பருவத்து ஆர்டரில் வெளிநாட்டுக் கொள்முதலாளர் மாதிரிக் காலணியைப் பார்த்துவிட்டு, பின்புற லைனிங் துணியாக இருக்க வேண்டாம், ஆட்டுத்தோலாக இருக்கட்டும் என்று எழுதினார். வடிவமைப்பாளர் அன்றே படத்தைத் திருத்தினார். தம் பட்டியலையும் திருத்தினார். ஆனால் என் மேசையில் இருந்தது பத்து நாள் முந்தைய பட்டியல். நான் அதை நம்பித் துணி வாங்க எழுதினேன். துணி வந்தது, அதை வெட்டுவதற்கான இரும்பு டைகளும் தயாராயின. தையல் பிரிவில் முதல் நூறு ஜோடி தைத்த பிறகு, தரம் பார்க்கும் அம்மையார் ஒருவர் மாதிரிக் காலணியைக் கையில் எடுத்துப் பார்த்து, "சார், இது தோல், நாம தைக்கிறது துணி" என்றார். அந்த வரிசை நின்றது. ஆட்டுத்தோல் வருவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. இடையில் வேறு வேலை இல்லாத சிலரை நடுப்பகலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கப்பலைப் பிடிக்க இயலாமல் ஒரு பகுதிச் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. அந்தக் கட்டணம் தொழிற்சாலையின் தலையில் விழுந்தது. தவறு யாருடையது என்று ஒரு வாரம் விவாதித்தார்கள். வடிவமைப்பாளர் திருத்தியிருந்தார், நானும் என் கையில் இருந்த தாளின்படிதான் நடந்தேன். இரண்டு பேரும் சரியாக நடந்து, காரியம் தவறாக முடிந்தது. அதன் பிறகுதான் இந்தப் பட்டியல் விஷயத்தை நான் ஊன்றிக் கவனிக்கத் தொடங்கினேன்.

பொருட்பட்டியலைக் கணிப்பொறியில் வைத்து, ஆர்டரின் எண்ணிக்கையால் பெருக்கி, கையிருப்பைக் கழித்து, எதை எப்போது வாங்க வேண்டும் என்று கணக்கிடும் முறை புதிதன்று. அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1960-களில் இம்முறையை உருவாக்கினார். கைத்துளைப்பான் முதலிய கருவிகள் செய்யும் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1964-ல் அதைக் கையாண்டது. 1975-ல் அவர் அதைப் பற்றி நூலும் எழுதினார். ஒரு துளைப்பானுக்கு ஒரு மோட்டார், நான்கு திருகு என்றால் அது என்றைக்கும் ஒன்றும் நான்குமே. அங்கே கணக்கு நேர்கோடாக ஓடும். தோல் தொழிலில் அப்படி ஓடுவதில்லை என்பதற்கு மூன்று காரணங்களை நான் கண்டிருக்கிறேன்.

முதலாவது பெயர். ஒரே மஞ்சட்பழுப்பு நிறத் தோலை வடிவமைப்பாளர் "கோன்யாக்" என்பார். கிடங்கில் அது "டான்". பதனிடும் தொழிற்சாலையின் ரசீதில் "பிரவுன்" என்றும் ஓர் எண்ணும் இருக்கும். மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்துகொள்வார்கள். இரண்டு மென்பொருள்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளா. கோன்யாக் வேறு, டான் வேறு என்றே கொள்ளும். ஆகையால் இரண்டையும் இணைக்கப் புகுமுன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியீட்டெண் கொடுத்து, அந்த எண் இல்லாத பொருளை வடிவமைப்பாளர் படத்தில் சேர்க்கவே முடியாதபடி செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிது. நான் அறிந்த இடமொன்றில் கருப்பு நூலுக்கு மட்டும் பதினோரு எண்கள் இருந்தன. அவற்றுள் எவை ஒன்று, எவை வேறு என்று பிரிக்க, நூற்கண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்தோம். இணைப்பு வேலையில் கணிப்பொறி வல்லுநர் செய்வது கால்பங்கு என்றால், மீதி முக்கால்பங்கும் இத்தகைய கூட்டிப் பெருக்கும் வேலைதான்.

இரண்டாவது அளவு. ஐரோப்பிய முறையில் காலணியின் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர் வேறுபாடு. ஆங்கில முறையில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீளத்தோடு சுற்றளவும் கூடுவதால், அளவுக்கு அளவு தோலின் பரப்பு சுமார் நான்கு விழுக்காடு கூடும். வடிவமைப்பாளர் நடு அளவு ஒன்றுக்கு மட்டும் வரைந்து, மற்றவற்றை மென்பொருளால் விரித்துக்கொள்வார். எல்லாப் பொருளும் இவ்வாறு விரிவதில்லை. துளை வளையங்களின் எண்ணிக்கை மாறாது. இன்சோலுக்கு அடியிலுள்ள எஃகுப் பட்டை இரண்டு மூன்று அளவுகளுக்கு ஒன்றாகவே இருக்கும். பெட்டியும் அவ்வாறே. நாற்பத்தைந்தும் நாற்பத்தாறும் மிகுதியாகக் கேட்கும் நாட்டுக்கு நடு அளவின் கணக்கை அனுப்பினால் தோல் பற்றாமற் போகும். ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரியும், "நான் அளவோடு வளர்கிறவன்", "நான் மாறாதவன்", "நான் கூட்டமாக மாறுகிறவன்" என்று தன் இயல்பைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தோல். இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். துணியும் தகடும் ஓர் ஓரம் முதல் மறு ஓரம் வரை ஒரே தன்மை உடையவை. தோல் ஓர் உயிரின் வாழ்க்கைக் குறிப்பு. முதுகுப் பகுதி உறுதியானது; வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும்; கழுத்தில் மடிப்புகள் இருக்கும். முள் கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி, சூட்டுக்கோல் தழும்பு ஆகிய யாவும் அதில் பதிந்திருக்கும். வாம்ப் துண்டை நல்ல இடத்தில்தான் வெட்ட வேண்டும். நாக்கை ஓரத்தில் வெட்டலாம். இழுபடும் திசையை அறிந்து டையைத் திருப்பி வைக்க வேண்டும். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் நிறமும் மயிர்க்கண்ணும் ஒத்திருக்க வேண்டும். வெட்டுப் பிரிவில் பழகிய கை ஒரு தோலை மேசையில் விரித்ததும், அதில் எத்தனை ஜோடி கிடைக்கும் என்று மதிப்பிட்டுவிடும்.

வடிவமைப்பு மென்பொருள் தருவது துண்டின் நிகரப் பரப்பு மட்டுமே. எடுத்துக்காட்டாக ஒரு ஜோடிக்கு அது 15 சதுர டெசிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைந்த துண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடையிடையே சந்து விழும். அடுக்கும் முறையைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது 17 ஆகும். தோலின் ஓரமும் வடுவும் தளர்ந்த பகுதியும் கழியும்போது 20 ஆகும். முதல் எண்ணைப் படத்திலிருந்து எடுக்கலாம். இரண்டாவதையும் கணிப்பொறியே அடுக்கிப் பார்த்துச் சொல்லும். மூன்றாவது எண் அந்தத் தோலின் தரத்தைப் பொறுத்தது. அது வெட்டு மேசையில் மட்டுமே பிறக்கிறது.

இரண்டு மென்பொருள்களை அவசரப்பட்டு இணைத்தவர்கள் இவ்விடத்தில்தான் இடறி விழுகிறார்கள். நிகரப் பரப்பான 15 நேரே கொள்முதலுக்குப் போனால், 20,000 ஜோடிக்கு 1,00,000 சதுர டெசிமீட்டர், அதாவது பத்தாயிரம் சதுர அடிக்கு மேல், தோல் குறையும். பதினைந்தாயிரம் ஜோடியோடு தோல் தீர்ந்துவிடும். இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. வடிவமைப்பாளர் கழிவைச் சேர்த்து 20 என்று அனுப்புகிறார். நிர்வாக மென்பொருளும் தன் பழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு கழிவைக் கூட்டுகிறது. ஜோடிக்கு 26.67 ஆகிவிடும். பதினாலாயிரம் சதுர அடிக்கு மேல் வேண்டாத தோல் வந்து கிடங்கில் முடங்கும். கழிவை யார் கூட்டுவது என்பதை முன்னதாகப் பேசி முடிக்காத இணைப்பு, பிழையை முன்னிலும் விரைவாகக் கொண்டு சேர்க்கும். வேறு பயன் இராது. பதனிடுவோர் சதுர அடியில் விற்பதும், ஐரோப்பியர் சதுர டெசிமீட்டரில் எழுதுவதும் இன்னொரு பொறி. ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர். அலகை எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் ஒன்பது மடங்கு தவறுக்கு வழி திறந்துவிடுகிறோம்.

வேண்டாமல் முடங்கும் தோல் முதலாளியின் பணம் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உப்பும் கழிவும் ஏறிக் கெட்டதைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்ததும், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் முக்கியமானவை. பட்டியலில் ஒரு வரி தவறினால் அந்த ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்தே வீணாகிறது.

பட்டியலுக்கு இன்னொரு கடமையும் பின்னர் வந்து சேர்ந்தது. ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் அளவையோ அதற்கு மேலோ எட்டினால், உடலில் படும் அப்பொருளைத் தன் சந்தையில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்த விதி, 2015 மே முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் காலணியில் எந்தப் பதனிடும் தொழிற்சாலையின் எந்தத் தொகுதித் தோல் போயிற்று என்று கேட்டால் விடை சொல்ல வேண்டும். இரண்டு பட்டியல்கள் இரண்டு விடை சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி, இணைப்பு நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிவமைப்பாளர் தம் படத்தை முடித்து ஒப்புதல் தந்ததும், துண்டின் பெயர், பொருளின் குறியீட்டெண், ஒவ்வோர் அளவுக்கும் பரப்பு, தையலின் நீளம், திருத்தத்தின் வரிசை எண் ஆகியவை ஒரு கோப்பாக நிர்வாக மென்பொருளுக்குச் செல்லும். அது வரிவரியாகச் சோதித்து, தெரியாத எண் இருந்தால் அந்த வரியைத் திருப்பி அனுப்பும். படத்தில் இல்லாத பொருள்கள் பல உண்டு. பசையை யாரும் வரைவதில்லை, பெட்டியை வரைவதில்லை, நூல் கோடாகத்தான் இருக்கும். இருபுற நூலும் பின்னிச் செல்வதால் தையல் நீளத்தைப் போல் இரண்டரை மூன்று மடங்கு நூல் செலவாகும் என்ற விதியைத் தொழிற்சாலையார் சேர்க்க வேண்டும். வடிவமைப்பாளர் வாம்ப், குவார்ட்டர் என்று உருவத்தால் பிரித்ததை, வெட்டுதல், தைத்தல், கட்டையில் இழுத்து ஒட்டுதல், பெட்டியிடுதல் என்று வேலையால் மாற்றிப் பிரிக்கவும் வேண்டும். சோல் இன்றைக்கே வேண்டியதில்லை, தோல்தான் இன்றைக்கு வேண்டும்.

திருத்தம் வரும்போது பழைய வரியை அழித்துவிடக் கூடாது. எந்தத் தொகுதியிலிருந்து புதிய வரி செல்லும், கையிருப்புப் பழையதை என்ன செய்வது என்று எழுதிவைத்துப் புதியதைச் சேர்க்க வேண்டும். என் லைனிங் விவகாரத்தில் இந்த ஒரு வசதி இருந்திருந்தால், படத்தைத் திருத்திய அன்று மாலையே என் கொள்முதல் ஆணையின்மேல் ஒரு தடை விழுந்திருக்கும்.

ஆனால் இவையெல்லாம் மேலிருந்து கீழே வரும் செய்திகள். மேலே சொன்ன மூன்றாவது எண், அந்த 20, கீழிருந்து மேலே போக வேண்டியது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டுப் பிரிவில் ஒவ்வொரு தொகுதி முடிந்ததும், எத்தனை சதுர அடி வழங்கினோம், எத்தனை ஜோடி கிடைத்தது என்று குறித்து அனுப்பினால்தான் அடுத்த ஆர்டருக்குச் சரியான எண் பட்டியலில் ஏறும். குறிப்பை வெட்டுகிறவர் மேல் குற்றப்பத்திரிகையாகப் பயன்படுத்தினால் அவர் உண்மையை எழுதமாட்டார். இதை நான் அனுபவத்தில் கண்டேன்.

பின்னாளில் நான் சென்றிருந்த இன்னொரு தொழிற்சாலையில், பட்டியல் 19 என்று சொல்ல, வெட்டுப் பிரிவின் குறிப்பு மூன்று தொகுதிகளாக 20.5 என்றே வந்துகொண்டிருந்தது. வடிவமைப்பாளர் இளைஞர், திரையை நம்புகிறவர். அவர் கீழே இறங்கி வந்தார். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் மேசையில் ஒரு தோலை விரித்து, குவார்ட்டர் துண்டின் டையை வயிற்றோரத்தில் வைத்துக் காட்டினார். "இந்த வால் மாதிரி நீளுதே தம்பி, இதனாலதான் ஒவ்வொரு தடவையும் நல்ல இடத்துக்கே போக வேண்டியிருக்கு. இதைத் தனித் துண்டாக்கினா ஓரத்துல எடுத்துடலாம்" என்றார். இளைஞர் மேலே போய்த் துண்டை இரண்டாகப் பிரித்தார். தையல் நீளம் சிறிது கூடிற்று. நூல் வரியும் தானே மாறிற்று. தோலின் வரி 18.5 ஆகக் குறைந்தது. அன்று மாலை கிடங்கின் திரையில் அந்தக் காலணியின் பட்டியல் நான்காம் திருத்தம் என்ற எண்ணோடு வந்து நின்றது.